கர்த்தரை வெளிப்படையாகத் துதிப்பது: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போதும், வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், வேதபாட வகுப்புகளிலும் துதியைப் பற்றி ஒரே விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் தயங்காமல் கேட்பவை சில. தலைமுறை தலைமுறையாகச் சபையிலேயே வளர்ந்தவர்கள் வெகுநாள் மனதில் வைத்திருந்து கடைசியில் கேட்பவை சில. அவற்றுக்கு வேதத்தின் வெளிச்சத்தில், நம் சபைகளின் வழக்கத்தையும் கருத்தில் கொண்டு பதில் தந்திருக்கிறோம். வசனங்கள் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

கர்த்தரை வெளிப்படையாகத் துதிப்பது என்றால் என்ன?

தேவன் எப்படிப்பட்டவர் என்பதையும், அவர் நமக்குச் செய்தது இன்னது என்பதையும் பிறர் கேட்க, மறைக்காமல் அறிக்கையிடுவதே அது. சத்தத்தின் அளவு இதில் முக்கியமல்ல. நூறு பேர் நடுவே தாழ்ந்த குரலில் "என் மகள் பிழைத்தது கர்த்தருடைய இரக்கத்தினால்தான்" என்று ஒரு தாய் சொல்வது வெளிப்படையான துதி. யாருக்கும் எதுவும் விளங்காதபடி ஒலிபெருக்கியில் முழங்குவது சத்தம் மட்டுமே.

இதற்கு நல்ல உதாரணம் 22ஆம் சங்கீதம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அது தொடங்குகிறது, நம் ஆண்டவர் சிலுவையில் சொன்ன வார்த்தைகள் இவை. தனிமையில் கதறிய அதே மனிதன், தன் ஜெபம் கேட்கப்பட்ட பின் என்ன செய்கிறான் என்று பாருங்கள்: "உம்முடைய நாமத்தை என் சகோதரருக்கு அறிவித்து, சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்." கதறல் தனியாக நடந்திருக்கலாம்; நன்றி சபைக்கு வந்துவிடுகிறது. சங்கீதங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கைக் காணலாம்.

லூக்கா 17ஆம் அதிகாரத்திலும் இதுவே நடக்கிறது. பத்துக் குஷ்டரோகிகள் வழியில் போகையில் சுத்தமானார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், அவனும் சமாரியன், உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தித் திரும்பிவந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார். அந்த ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றியற்றவர்களாக இருந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆசாரியனிடம் காண்பித்துவிட்டு உறவினர்களைத் தேடி ஓடியிருக்கலாம். திரும்பி வந்து வாய் திறந்து சொல்லவில்லை என்பது மட்டுமே அவர்களைப் பற்றிய குறை, ஆண்டவர் அதைக் கவனித்தார்.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவே அல்லவா? அப்படியானால் வெளியே துதிப்பது அவருடைய கட்டளைக்கு எதிரானதாகாதா?

நேர்மையான கேள்வி இது. வசனத்தை அதன் முன்பின்னோடு வாசித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டிப்பது, மனுஷர் காணும்படியாக ஜெப ஆலயங்களிலும் வீதிச் சந்திகளிலும் நின்று ஜெபிக்க விரும்புகிறவர்களை. அவர்கள் கண்ணும் காதும் தேவனிடம் இல்லை, சுற்றி நிற்கும் மனிதர்களிடம் இருந்தன. அந்த நோக்கத்தைத்தான் அவர் கடிந்துகொண்டார்.

அதே மலைப்பிரசங்கத்தில், ஓர் அதிகாரத்துக்கு முன்னால், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் அவர்கள் முன் பிரகாசிக்கட்டும் என்று சொன்னவரும் அவரே. முந்தினதில் பார்ப்பவர்கள் ஜெபிக்கிறவனைப் புகழ்கிறார்கள். இதில் பார்ப்பவர்கள் பிதாவைப் புகழ்கிறார்கள். ஒரு செயல் வெளியே தெரிகிறதா இல்லையா என்பதைவிட, தெரிந்த பின் மேன்மை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே ஆண்டவருடைய அளவுகோல்.

இயேசுவே வெளிப்படையாகத் துதித்தவர். லாசருவின் கல்லறையண்டையில், சூழ்ந்து நிற்கும் ஜனங்கள் கேட்கும்படி பிதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னார் என்று யோவான் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. கடைசி இராப்போஜனத்துக்குப் பின் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார். அதே இரவில் கெத்செமனேயில், சீஷர்களை விட்டுக் கல்லெறிதூரம் விலகிப் போய்த் தனியே ஜெபித்ததும் அவரே. அறைவீட்டு ஜெபமும் சபை நடுவே துதியும் ஒரே மனிதனுடைய ஒரே நாளில் அடங்க வேண்டியவை. எங்கள் அனுபவத்தில் சொல்வதென்றால், அறைவீட்டில் ஒன்றும் பேசாதவர் சபையில் நீளமாகப் பேசும்போது கேட்பவர்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

சர்வவல்லவருக்கு மனிதருடைய புகழ்ச்சி எதற்கு? அவர் அதற்காக ஏங்குகிறாரா?

இல்லை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகள்" என்று 50ஆம் சங்கீதத்தில் அவரே சொல்கிறார். அதே சங்கீதம், "ஸ்தோத்திரபலியிடுகிறவன் என்னை மகிமைப்படுத்துகிறான்" என்று முடிவை நெருங்குகிறது. குறைவை நிரப்புவதற்காகக் கேட்கப்படுவதல்ல துதி. உண்மையை உண்மையென்று ஒப்புக்கொள்வது அது. பெற்ற நன்மையைப் பெற்றதாகச் சொல்லாதவன், காலம் போகப் போக அதைத் தன் சாமர்த்தியம் என்று நம்பத் தொடங்குகிறான். உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரவேலரை எச்சரித்தது இதைத்தான்: நல்ல வீடுகளைக் கட்டி, ஆடுமாடுகள் பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபின், "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று சொல்லிக்கொள்ளாதே என்றார்.

துதிக்கும்போது என்ன சொல்வது? "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தொடர்ந்து சொன்னால் போதாதா?

அந்த ஒரு சொல்லை உள்ளமுருகிச் சொல்லி வாழ்நாளெல்லாம் தேவனோடு நடந்த பாட்டிமார்களை நாங்கள் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆனாலும் வேதம் கற்றுத்தரும் துதி, காரணத்தோடு கூடிய துதி. 136ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற வரி திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் புதிதாக ஒரு காரியம் சொல்லப்படுகிறது. வானங்களை உண்டாக்கினார், சூரியனைப் படைத்தார், எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினார், சிவந்த சமுத்திரத்தைப் பிளந்தார், எமோரியரின் ராஜாவாகிய சீகோனையும் பாசானின் ராஜாவாகிய ஓகையும் முறியடித்தார், மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார். ஊர் பெயர், ஆள் பெயர், நடந்த காரியம் எல்லாம் அதில் இருக்கின்றன.

103ஆம் சங்கீதமும் இப்படியே. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தன் ஆத்துமாவுக்குச் சொல்லிவிட்டு, அந்த உபகாரங்களைத் தாவீது வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறார்: அக்கிரமங்களை மன்னித்தார், நோய்களைக் குணமாக்கினார், பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டார்.

நம் சபைகளில் ஸ்தோத்திர காணிக்கைக் கவரின் மேல் ஜனங்கள் எழுதும் சிறு வாசகங்களில் இந்தப் பழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. "சகல ஆசீர்வாதங்களுக்காகவும்" என்று பொதுவாக எழுதுபவர்கள் உண்டு. "வற்றிய கிணற்றில் தண்ணீர் ஊறியதற்காக," "காணாமற்போன சைக்கிள் திரும்பக் கிடைத்ததற்காக," "பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியதற்காக," "இரண்டு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனில் பேசியதற்காக" என்று எழுதுபவர்களும் உண்டு. இவற்றை ஆராதனையில் வாசிக்கும்போது சபையார் முகத்தில் ஒரு புன்னகை வரும். பக்கத்தில் இருப்பவர், "ஆமாம், எனக்கும் அப்படி நடந்தது" என்று நினைத்துக்கொள்வார். குறிப்பாகச் சொல்லப்பட்ட துதி மற்றொருவருடைய நினைவைத் தட்டி எழுப்புகிறது. அறுப்பின் பண்டிகையில் ஒரு விவசாயி தன் தோட்டத்தின் முதல் வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்து ஆலயத்தில் வைப்பதும் இப்படிப்பட்ட துதியே. அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும், இந்த வருஷம் மழை யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை ஊருக்கு அறிவித்துவிட்டார்.

ஆகவே எங்கள் ஆலோசனை இதுதான்: "ஸ்தோத்திரம்" என்று சொன்ன பிறகு, எதற்காக என்பதையும் ஒரு வரியில் சொல்லப் பழகுங்கள்.

கைதட்டுவது, கைகளை உயர்த்துவது, நடனமாடுவது இவையெல்லாம் வேதத்துக்கு உகந்தவையா? எங்கள் சபையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

மூன்றும் வேதத்தில் இருக்கின்றன. 47ஆம் சங்கீதம் கைகொட்டச் சொல்கிறது. 134ஆம் சங்கீதம் கைகளைப் பரிசுத்த ஸ்தலத்துக்கு நேராக எடுக்கச் சொல்கிறது. 150ஆம் சங்கீதம் தம்புருவையும் நடனத்தையும், ஓசையுள்ள கைத்தாளங்களையும் சேர்த்துக்கொள்கிறது. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்த நாளில் தாவீது ஏபோத் என்னும் சணல்நூல் ஆராதனை உடையைத் தரித்துக்கொண்டு, தன் முழு பலத்தோடும் கர்த்தருக்கு முன்பாக நடனம்பண்ணினார். ஜன்னல் வழியாகப் பார்த்த அவருடைய மனைவி மீகாள் அவரைத் தன் இருதயத்தில் அவமதித்தாள் என்று 2 சாமுவேல் 6ஆம் அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது. ராஜா தன் நிலைக்குத் தகாதபடி நடந்துகொண்டார் என்பது அவளுடைய எண்ணம். "நான் கர்த்தருடைய சமுகத்துக்கு முன்பாக ஆடிப்பாடினேன்" என்பது தாவீதின் பதில்.

ஆனால் வேதத்திலேயே, உதடுகள் மாத்திரம் அசைய, சத்தமே கேட்காமல் ஜெபித்த அன்னாளும் இருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஆசாரியன் ஏலி அவளைத் தவறாக எடைபோட்டார். ஆடிய தாவீதை மீகாள் தவறாக எடைபோட்டாள். அமைதியாயிருந்த அன்னாளை ஏலி தவறாக எடைபோட்டார். கைதட்டாத சபையைப் பார்த்து "ஆவியில்லாதவர்கள்" என்பதும், கைதட்டும் சபையைப் பார்த்து "ஒழுங்கில்லாதவர்கள்" என்பதும் அவர்கள் இருவரும் செய்த தவறையே மறுபடி செய்வதாகும். ஒரு சபைக்குப் போகும்போது அதன் ஒழுங்கை மதித்து நடங்கள். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் துதியும் ஜெபமும் நிறைந்திருந்த ஒரு சபையைப் பார்த்துத்தான்.

கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் போதாதா? புதிய பாடல்கள் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரியவர்கள், தாங்கள் நேசிக்கும் கீர்த்தனைகளே ஒரு காலத்தில் புதியவையாக இருந்தன என்பதை நினைவில் வைப்பது நல்லது. 1706இல் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு, ஜெர்மன் மெட்டுகளில் அமைந்த பாட்டுகள் தமிழில் ஞானப்பாட்டுகளாகச் சபைக்கு வந்தன. பின்னர் தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர், இந்த மண்ணின் ராகத்திலும் தாளத்திலும் கர்த்தரைப் பாடலாம் என்று காட்டினார்கள். ஐரோப்பிய மெட்டுக்குப் பழகிய காதுக்கு அது புதிதாகவே கேட்டிருக்கும். இன்று இரண்டும் ஒரே ஆராதனையில் அருகருகே நிற்கின்றன.

புதிய பாடலைச் சோதிக்க எங்களிடம் ஒரே ஓர் அளவுகோல் உண்டு. பாடல் முழுவதும் "நான், எனக்கு, என்னை" என்றே ஓடி, தேவன் எப்படிப்பட்டவர், என்ன செய்தார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், மெட்டு எவ்வளவு இனிமையாயிருந்தாலும் அது துதிப்பாடலாகாது. பழைய பாடலுக்கும் இதே சோதனைதான்.

துக்கத்தில் இருக்கும்போது எப்படித் துதிப்பது? மனதில் இல்லாததை வாயால் சொல்வது பொய்யாகாதா?

ஆகும். மனதில் இல்லாத மகிழ்ச்சியை நடிக்கும்படி வேதம் யாரையும் கேட்கவில்லை. சங்கீதப் புத்தகத்தில் முறையீட்டுச் சங்கீதங்கள் ஏராளமாக இருப்பதே அதற்குச் சாட்சி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் விடியாமல், இருளைப் பற்றிய பேச்சிலேயே முடிகிறது. அதையும் தேவஜனங்கள் பாடல் புத்தகத்தில் வைத்து, சபையாகப் பாடியிருக்கிறார்கள். தேவனை நோக்கியே முறையிடுகிறவன் அவரை விட்டு விலகவில்லை. அந்த முறையீட்டுக்குள்ளேயே விசுவாசம் இருக்கிறது.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துக்க வீட்டுக்குப் போய், பிள்ளையை இழந்து உட்கார்ந்திருக்கும் தாயிடம், "அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்று கட்டளையிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது கொடுமை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே அந்தக் கல்லறை வழியில் கண்ணீர் விட்டார். யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாளும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்ற வார்த்தை யோபின் வாயிலிருந்து தானாக வந்தது. வேறொருவர் அதை அவனிடம் கேட்டு வாங்கவில்லை. அந்த வார்த்தைக்கு அத்தனை கனம் இருப்பதற்குக் காரணமும் அதுவே.

அப்படியானால் துன்பத்தில் துதி கிடையாதா? உண்டு, ஆழமாகவே உண்டு. பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் அநேக அடி வாங்கி, உட்காவலறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள். அடுத்து லூக்கா எழுதும் வாக்கியம் கவனிக்கத்தக்கது: காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமியதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. கதவு திறக்கும் என்று தெரிந்து அவர்கள் பாடவில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியும் அப்படியே, அத்திமரம் துளிர்விடாமல், திராட்சச்செடிகளில் பழம் இல்லாமல், தொழுவத்திலே மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றார். இழப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் அந்த "மகிழ்ச்சி"க்கு வருகிறார். எதையும் மூடி மறைக்கவில்லை.

நடைமுறையில், துக்கத்திலிருப்பவர் சபையோடு உட்கார்ந்திருந்தால் போதும். அவரால் பாட முடியாத நாட்களில் சபை அவருக்காகவும் சேர்த்துப் பாடும். ஒருவருக்காக மற்றவர்கள் துதிப்பதும் சபையாகக் கூடிவருவதன் பயன்களில் ஒன்று.

சபையில் சாட்சி சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சலைப் புற்றுநோய் என்று சொன்னால் தேவனுடைய மகிமை கூடிவிடாது. மருத்துவர் கொடுத்த மருந்தினால் குணமடைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்தும் மருத்துவரின் அறிவும் அவருடைய ஈவுகளே. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டப்பட்டபோதும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்லப்பட்டது. சாட்சி சொன்ன உற்சாகத்தில் மாத்திரையை நிறுத்தும்படி இன்னொருவருக்கு யோசனை சொல்வது பெரிய தவறு. மூப்பர்கள் அதை அங்கேயே திருத்த வேண்டும்.

இரண்டாவது, சாட்சியில் மற்றவர்களும் வருகிறார்கள். குடிப்பழக்கத்திலிருந்து விடுதலையான கணவரைப் பற்றி மனைவி சொல்லும்போதும், வழிதவறித் திரும்பிய மகனைப் பற்றித் தகப்பன் சொல்லும்போதும், அவர்களுடைய சம்மதம் வேண்டும். மகன் தானாகச் சொல்லும் நாள் வரட்டும். அதுவரை பெயரும் விவரமும் இல்லாமல் நன்றி மட்டும் சொல்லலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் எல்லா நேரத்திலும் சொல்ல வேண்டியதில்லை. மாற்கு 1ஆம் அதிகாரத்தில் தாம் சுத்தமாக்கிய குஷ்டரோகியிடம், ஒருவருக்கும் சொல்லாதபடி எச்சரிக்கையாயிரு என்றார் இயேசு. அவன் போய் எங்கும் பிரசித்தப்படுத்தியதால், அவர் வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகக்கூடாமற் போயிற்று. ஆனால் 5ஆம் அதிகாரத்தில் அசுத்த ஆவியிலிருந்து விடுதலையானவனிடம், உன் வீட்டாரிடம் போய்க் கர்த்தர் உனக்குச் செய்தவைகளை அறிவி என்றார். ஒருவனுக்கு மௌனம், மற்றவனுக்குப் பேச்சு. எது எப்போது என்பதை ஜெபத்தோடு நிதானிக்க வேண்டும்.

பிற சமயத்தார் நடுவில், அலுவலகத்தில், பேருந்தில் எப்படி நடந்துகொள்வது?

மறைக்கவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கண்மூடி நன்றி சொல்வதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? தானியேல் எருசலேமுக்கு நேராகத் தன் மேலறையின் பலகணிகள் திறந்திருக்க, தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினான். ராஜாவின் தடையுத்தரவு வந்த பிறகும் "தான் முன் செய்துவந்தபடியே" செய்தான் என்கிறது வேதம். தடை வந்ததற்காகப் பலகணியை மூடவும் இல்லை, தடையை எதிர்ப்பதற்காகத் தெருவில் இறங்கவும் இல்லை.

ஒருவர் கேட்டால் சொல்லுங்கள். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதினார். அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, பயணி ஓடிப்போக வழியில்லாத ரயில் பெட்டியில் அவருடைய வழிபாட்டைப் பழித்துப் பேசுவது துதியல்ல. நம்முடைய தேவனைப் புகழ்வதற்கு இன்னொருவருடைய தெய்வத்தை இகழ வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஜெபக்கூட்டத்தின் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்கிறார்கள். இது நம்முடைய விசுவாசத்துக்கு எதிரான தடையல்லவா?

அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், நோயாளிகள் இளைப்பாற வேண்டும் என்று கேட்பது உபத்திரவம் அல்ல. இதே விஷயம் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இயங்கிய ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அப்பகுதி நலச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிமன்றம், பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியினாலோ மேளம் அடித்தோதான் ஜெபிக்க வேண்டும் என்றும் போதிக்கவில்லை என்று கூறியது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரமும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இவை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை. அடுத்த தெருவில் வேறொரு விழாவுக்கு மீறுகிறார்கள் என்பது நாமும் மீறுவதற்குக் காரணமாகாது.

பவனிகள் வேறு. குருத்தோலை ஞாயிறன்று ஓலைகளை ஏந்தி ஓசன்னா பாடிக்கொண்டு தெருவில் போவது, எருசலேமுக்குள் ஆண்டவர் பிரவேசித்த நாளின் நினைவு. சீஷர்களை அதட்டும் என்று பரிசேயர் சொன்னபோது, "இவர்கள் பேசாமலிருந்தால் கல்லுகளே கூப்பிடும்" என்றார் அவர். காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்து, பாதி வீதியை வண்டிகளுக்கு விட்டு, பாடிக்கொண்டு போங்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்து வரவேற்கும் பிற சமயத்து அண்டை வீட்டாரும் பல ஊர்களில் உண்டு. அவர்களுக்கு நின்று நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

ஞாயிறன்று உரக்கத் துதித்துவிட்டு, திங்கட்கிழமை அநியாயம் செய்பவர்களைப் பார்க்கிறோம். அவர்களுடைய துதியைத் தேவன் ஏற்றுக்கொள்கிறாரா?

ஆமோஸ் தீர்க்கதரிசியின் மூலமாகத் தேவன் தந்த பதில் கடுமையானது: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்." நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அந்த ஜனங்கள் பாடத் தெரியாதவர்களல்லர். ஏழையை மிதித்துக்கொண்டே பாடியவர்கள்.

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, பெண் கொடுக்கும்போதும் சபைத் தேர்தலில் வாக்களிக்கும்போதும் சாதியைப் பார்க்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்து இடம் பிரிக்கிறார்கள். உயிர்த்தெழுதலின் பாடலைப் பாடிக்கொண்டு அந்தக் கல்லறைக்குள் சவப்பெட்டியைச் சுமந்து போகும்போது நாம் யாரைத் துதிக்கிறோம்? கூலியை நிறுத்தி வைத்தவர் கொடுக்கும் ஸ்தோத்திர காணிக்கையும் இதில் அடங்கும். நிறுத்தப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார், அந்தக் கூக்குரல் நம் பாட்டுக்கு முன்பாகவே சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டிவிடுகிறது.

ஆதிச் சபை எப்படியிருந்தது என்பதற்கு ஒரு வெளியாளின் சாட்சி கிடைத்திருக்கிறது. 112ஆம் ஆண்டு அளவில், இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா–பொந்து மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதி அவருக்கு மாறி மாறிப் பாட்டுப் பாடுகிறார்கள். களவு, கொள்ளை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, ஒப்படைக்கப்பட்ட பொருளை மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த தகவல். அவர்களைத் தண்டிக்க இருந்த அதிகாரியின் கடிதத்திலேயே பாட்டும் நேர்மையும் அடுத்தடுத்து வருகின்றன.

எபிரெயர் 13ஆம் அதிகாரமும் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைச் செலுத்தச் சொன்ன உடனே, நன்மைசெய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள் என்று தொடர்கிறது. ஆனாலும் பரிபூரணமான பிறகுதான் துதிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். பாவத்தை அறிக்கையிட்டுத் திரும்புகிறவன் துதிக்கத் தகுதியுள்ளவன். 51ஆம் சங்கீதத்தில் தாவீது மன்னிப்புக் கேட்ட பிறகு கேட்டது, தன் உதடுகளைத் திறக்கும்படி.

எனக்குக் கூச்சம். பலர் முன் ஜெபிக்கவோ சாட்சி சொல்லவோ வாய் வருவதில்லை. நான் என்ன செய்வது?

சிறியதாகத் தொடங்குங்கள். குடும்ப ஜெபத்தில் 103ஆம் சங்கீதத்தை நீங்கள் உரத்து வாசியுங்கள். சொந்தச் சொற்கள் இல்லாதபோது வேதத்தின் சொற்களைக் கடன் வாங்குவதில் குறைவில்லை. பிள்ளைகள் இருந்தால், அன்று நடந்த ஒரு நன்மையைச் சொல்லி நன்றி கூறும்படி அவர்களைக் கேளுங்கள். அவர்கள் தயங்காமல் சொல்வார்கள், அடுத்த முறை உங்களுக்கும் வந்துவிடும். பிறகு, உங்களுக்குக் கர்த்தர் செய்த ஒரு காரியத்தை நீங்கள் நம்பும் ஒருவரிடம், தேநீர் குடிக்கும் நேரத்தில், வழக்கமாகப் பேசும் குரலிலேயே சொல்லுங்கள். சபையில் எழுந்து பேச முடியாவிட்டால் ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் எழுதிக் கொடுங்கள், போதகர் வாசிப்பார். "சகல ஆசீர்வாதங்களுக்காகவும்" என்று எழுதாமல், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.